மூன்றாம் தடவை

விடிந்ததும் கதவைத் திறந்த கெஸியா முதலில் வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. நீலகிரியில் எமரால்டுப் பக்கம் புரட்டாசியில் இப்படியொரு காலை விடியக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்பார்கள். அவளோ ராத்திரியெல்லாம் மழைக்காக ஜெபம் பண்ணியவள். அடுத்ததாகக் கூரையைப் பார்த்தாள். மூன்று வருஷமாகப் பதினோரு வீட்டுக் கூரைமேலும் கிடந்த நீலத் தார்ப்பாய்களில் ஒன்றைக்கூடக் காணோம். பாசி சுரண்டிய சிவப்பு ஓடுகள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. சுவர்களுக்கு நேற்றே சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. அதையே வேண்டாம் என்று தலைபாடாய் அடித்துக்கொண்டாள், யார் கேட்டார்கள்? இப்போது வாசலுக்கு வாசல் மாக்கோலம், ஜன்னல் சட்டங்களுக்கு நீலப் பெயிண்ட், டால்டா டின்னில் வளர்ந்த ஜெரேனியம் எல்லாம் வரிசையாகத் திண்டின்மேல். ஒழுகலுக்கு வீட்டுக்குள் வைத்திருந்த வாளியும் குண்டானும் பின்பக்கத்துக் கோழிக்கூண்டுக்குள் ஒளிந்துகொண்டன.

"யாருங் மாமா தார்ப்பாயை எடுக்கச் சொன்னது?"

வெள்ளியங்கிரி அப்போதுதான் சவரம் செய்துவிட்டு வந்து நின்றார். கோட்டைத் தோட்டத்தில் நாற்பது வருஷம் தலைமைத் தோட்டக்காரர். இந்தப் பதினோரு வீட்டுக்கும் பெரியவர்.

"நாந்தாங் கண்ணு. ஊட்டுக்கு ஆள் வாராங்கன்னா கந்தையத் தொங்க உட்டுட்டு நிப்பாங்களா? அதும் ஆரு, நம்ம சமீன் ஊட்டுச் சின்னம்மிணி."

"அவங்க கண்ணுல படோணும்னுதானுங் மாமா உட்டு வெச்சம். ஒழுகறது தெரிஞ்சாத்தான..."

"வாயில சொன்னாத் தெரியாதா? சொல்றதுக்குத்தான நான் இருக்கறன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பது ஊரறிந்த பழமொழி. இங்கே அழவேண்டிய பிள்ளைக்கு முகம் கழுவி, பவுடர் போட்டு, பொட்டு வைத்து உட்கார வைத்திருந்தார்கள். கெஸியாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் அவரிடம் கத்துவது எப்படி? அவள் பிறந்தபோது அவளுடைய அப்பாவோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர் அவர்.

கோட்டை பங்களா என்று ஊரார் சொல்லும் அந்தக் கட்டடத்தை எவனோ ஒரு வெள்ளைக்காரன் தன் ஊர் ஞாபகத்தில் கோபுரமும் கொத்தளமுமாகக் கட்டிப் போட்டான். அவனிடமிருந்து சமவெளியின் நல்லமங்கலம் சமீன் வாங்கியது. வாங்கிய சமீன்தார் தோட்டத்துக்கும் குதிரைக்கும் குளிர்காயும் அடுப்புக்கும் ஆள் வேண்டுமென்று பதினோரு குடும்பங்களை மலையேற்றி, கீழ்ச்சரிவில் கல் சுவர் எழுப்பி ஆளுக்கொரு வீடு கொடுத்தார். வாயால் கொடுத்தார், காகிதத்தில் இல்லை. அணை கட்டியபோது கோட்டையின் பாதித் தோட்டம் தண்ணீருக்குள் போனது. குதிரைகள் போயின, சமீன்தார் போனார், பிள்ளைகள் லண்டன் போனார்கள். மிஞ்சிய ஒரே வாரிசு பேத்தி மாளவிகா. அவள் இப்போது கோட்டையையும் சுற்றியுள்ள நிலத்தையும் ஒரு ஹோட்டல் கம்பெனிக்குக் கொடுக்கிறாள். திங்கட்கிழமை கோயமுத்தூரில் கையெழுத்து. வீடுகளை இடிக்கப்போவதால் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும் என்ற நோட்டீஸ் ஒவ்வொரு கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. சுண்ணாம்பு அடிக்கும்போது அதையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

மற்றவர்களாவது மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு உறவுக்காரர் வீட்டுத் தாழ்வாரத்தில் போய் விழலாம். கெஸியாவுக்கு அதுவும் இல்லை. பங்குனி மழையில் ஒழுகின தரையில் வழுக்கி அம்மா ஜெஸிந்தாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து படுக்கை. எமரால்டில் ஒன்பது வீடு கேட்டுப் பார்த்தாள். டீச்சர் என்றதும் சிரித்து உட்காரச் சொன்னவர்கள், அம்மா படுத்த படுக்கை என்றதும் எழுந்துகொண்டார்கள். வாடகை வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பிறகு யார் குடிவருவார்கள் என்று ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள். அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

தட்டாத கதவில்லை. எல்லாரும் சொன்னது ஒன்றே: அது தனியார் நிலம், உடையவர் மனசு வைத்தால்தான் உண்டு. கோட்டையின் மேனேஜர் கொர்னேலியஸ் ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருந்தார், "கம்பெனிக்காரங்க எதுக்கும் ரெடியா இருக்காங்க. அந்த அம்மா பத்திரத்துல உங்களுக்காக ஒரு வரி சேக்கச் சொன்னா மறுபேச்சு இல்லாம சேப்பாங்க" என்று. அந்த ஒரு வரிதான் இப்போது பதினோரு வீட்டுக்கும் கதி. கையெழுத்துப் போடுமுன் அவள் ஒருநாள், ஒரே ஒருநாள், கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிறாள். தமிழ் தெரியாதவள். ஊட்டியிலிருந்து வரவேண்டிய மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்தும் கெஸியாவைக் கொர்னேலியஸே வந்து கூப்பிட்டார்.

"அவங்க சொல்றத இவங்களுக்குச் சொல்லு, இவங்க சொல்றத அவங்களுக்குச் சொல்லு. உன் சரக்க எதுவும் சேக்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்றார். ஹோட்டலிலும் அவரையே மேனேஜராக வைத்துக்கொள்வதாகப் பேச்சு.

இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. பேசுவது வெள்ளியங்கிரி என்று முடிவாயிற்று. சமீன் வீட்டாரிடம் பெரியவர் வாயிலிருந்துதான் வர வேண்டும், நடுவில் புகுந்து பேசினால் மரியாதை கெட்டுவிடும். வெள்ளியங்கிரி நன்றாகவே பேசினார். கேட்ட பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் கெஸியா, "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?" என்று சின்னம்மிணியாக நின்று கேட்டதும், அவர் "ஒரு கொறையுமில்லீங்க" என்றுதான் ஆரம்பித்தார்.

"மாமா, எடுத்த எடுப்புல விசயத்தச் சொல்லிப் போடுங்க."

"அதெப்புடி கண்ணு? கேட்ட ஒடனே கையேந்தறதுக்கு நாம என்ன பிச்சைக்காரங்களா? பெரிய சமீன்தாரு மூணு வாட்டி கேப்பாரு. மொத வாட்டி கொறையில்லீம்பம். ரெண்டாவது, உங்களப் பாத்ததே போதும்பம். மூணாவதா, 'சும்மா சொல்றா வெள்ளியங்கிரி'ம்பாரு. அப்பத்தான் வாயத் தொறப்பம். கேட்டதுல ஒண்ணக்கூட அந்த மனுசன் இல்லீன்னதில்ல."

"இவங்க மூணு வாட்டி கேக்காட்டி?"

"அவரு ரத்தமில்லீயா? கேப்பாங்க."

பத்து மணிக்குக் கார் வந்தது. மாளவிகாவை வெறுக்க வேண்டும் என்று கெஸியா தயாராக இருந்தாள். முடியவில்லை. நாற்பது வயதிருக்கும், ஒடிசலான பெண். கசங்கின பருத்திச் சட்டையும் சேறு படிந்த ஷூவுமாக இறங்கி, வரவேற்க நின்ற காவல்காரருக்கும் கைகொடுத்தாள். கெஸியாவின் பெயரைக் கேட்டு, சரியாக வரும்வரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கோட்டைக்குள் ஒன்றரை மணி நேரம் சுற்றினார்கள். கொர்னேலியஸ் கொத்துச் சாவியைக் குலுக்கிக்கொண்டு முன்னே நடந்தார். நீளமான சாப்பாட்டு மேஜை, பட்டன் உதிர்ந்த நாற்காலிகள், கண்ணாடிக் கண் ஒன்று விழுந்துவிட்ட காட்டெருமைத் தலை, ஈரத்தில் உப்பிப்போன பியானோ. மாளவிகா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தாள். கெஸியா ஒவ்வொரு ஜன்னலிலும் வானத்தைப் பார்த்தாள். ஒரு பாட்டம் மழை, கர்த்தாவே, பத்தே நிமிஷம். ஓடு ஒழுகி அந்தச் சுண்ணாம்புச் சுவரில் கறை இறங்கட்டும். வானம் அவளைச் சட்டை செய்யவில்லை. மேற்குக் கோபுரத்தின் அடியில் கதவு பூட்டியிருந்தது. ஆணியில் தொங்கின வேறொரு சாவியைப் போட்டுத் திறந்துவிட்டு, மேல்கதவின் சாவி ஆபீஸில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று கொர்னேலியஸ் திரும்பிப் போனார். இரண்டு பெண்கள் மட்டும் படியேறினார்கள். மேல்கதவு மழையில் மக்கியிருந்தது, தொட்டதும் தானே திறந்துகொண்டது.

கீழே அணைத்தண்ணீர் வெயிலில் விரிந்து கிடந்தது. அக்கரை மலைகள் தூரத்தில் வெளிறித் தெரிந்தன. தண்ணீருக்கும் கோட்டைக்கும் நடுவே அந்தப் பதினோரு வீடுகள்.

"எட்டு வயதுவரை இதைக் கடல் என்று நினைத்திருந்தேன்" என்றாள் மாளவிகா, ஆங்கிலத்தில். "இங்கிருந்து எடுத்த ஒரு போட்டோ எங்கள் வீட்டில் இருந்தது. எங்களுக்குக் கடலோரத்தில் கோட்டை இருக்கிறது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். அப்பா திருத்தவே இல்லை. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்." அப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது என்றாள். ஜன்னல் கல்லைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே கைகாட்டிக் கேட்டாள்: "அங்கே இருக்கிறவர்களைப் பற்றி அப்பா நிறையப் பேசுவார். அவர்கள் நன்றாக இருக்கிறார்களா?"

கெஸியா படியைத் திரும்பிப் பார்த்தாள். இதுதான் நேரம். படியில் இன்னும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் அழுது சிவந்த அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு, இந்தா என் கஷ்டத்தையும் வாங்கிக்கொள் என்று எப்படிச் சொல்வது? நடுவில் புகுந்து பேசமாட்டேன் என்று பெரியவருக்கு வாக்கும் கொடுத்திருக்கிறாள்.

"பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் நீங்களே கேளுங்கள், அவர் சொல்வார்" என்றாள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. முதல் தடவை கேட்டபோது அவளும் வாயைத் திறக்கவில்லை. கல்லூரிப் படிப்பு, ஆங்கிலம், பதினாறு வருஷ உத்தியோகம், எல்லாம் இருந்தும் வெள்ளியங்கிரி செய்ததைத்தான் அவளும் செய்தாள். அதற்குள் கொர்னேலியஸ் சாவியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்துவிட்டார்.

வீடுகளுக்கு முன்னால் எல்லாரும் இருந்தவற்றில் நல்ல உடையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். பாப்பம்மாள் ஆரத்தி எடுத்துப் பொட்டு வைத்தாள். வெள்ளியங்கிரி தன் கையால் கட்டிய டேலியாப் பூமாலையைப் போட்டார். எட்டாம் வீட்டுப் பெஞ்சில் வேட்டியை விரித்து உட்கார வைத்து, பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய பீங்கான் கோப்பையில் டீ கொடுத்தார்கள். டீ சூடாக இருந்தது. மாளவிகா அதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். சுவரை, ஓட்டை, பூவை, கோலத்தை. முகம் மலர்ந்துபோயிற்று.

"எல்லாரும் நன்றாக இருக்கிறீர்களா என்று கேளுங்கள். என்னால் ஆகவேண்டியது ஏதாவது உண்டா?"

கெஸியா தமிழில் கேட்டாள். முப்பது பேரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார்.

"உங்க பாட்டனாரு புண்ணியத்துல ஒரு கொறையுமில்லீங்க அம்மிணி."

கெஸியா மொழிபெயர்த்தாள். உடனே, குரலைத் தாழ்த்தி, "அது மரியாதைக்குச் சொல்வது. தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள்" என்று சேர்த்துக்கொண்டாள். கொர்னேலியஸின் பார்வை சுருக்கென்று திரும்பியது.

மாளவிகா சிரித்துக்கொண்டே, வெள்ளியங்கிரியின் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "உண்மையாகவே ஒன்றும் வேண்டாமா?"

"உங்க மொகத்தப் பாத்ததே போதுமுங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு உதட்டை நனைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். இரண்டு வாரம் மனப்பாடம் செய்தது அவர் நாக்கு நுனியில் வந்து நிற்பது கெஸியாவுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு கேள்விதான் பாக்கி.

"மேடம், இன்னும் ஒரே ஒரு தடவை. மூன்றாவது தடவை கேளுங்கள்."

மாளவிகா தலையசைத்து மறுத்தாள், அன்பாகத்தான். "இரண்டு தடவை கேட்டுவிட்டேனே. அதற்குமேல் வற்புறுத்தினால் அவருக்குச் சங்கடமாகிவிடும்."

எங்கிருந்து வந்த துணிச்சலோ, கெஸியாவின் வாயிலிருந்து ஆங்கிலம் கொட்டியது. "மேடம், இந்த வீடுகளை மாதக் கடைசியில் இடிக்கப் போகிறார்கள். உங்கள் கையெழுத்தால்தான் இடிக்கப் போகிறார்கள். நீங்கள் ஒரு வரி..."

"கெஸியா!" கொர்னேலியஸ் பாய்ந்து குறுக்கே வந்தார். "மேடம், மன்னிக்கணும். இந்தப் பெண்ணுடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. மனசு சரியில்லாமல் பேசுகிறாள். பெரியவர் சொன்னதை நீங்களே கேட்டீர்கள்."

மாளவிகா எழுந்துவிட்டாள். டீ தளும்பிச் சட்டையில் கொட்டியது. வெள்ளியங்கிரிக்கு ஆங்கிலம் புரியவில்லை. ஆனால் வந்த விருந்தாளி கை நனைக்குமுன்னே நம் வீட்டுப் பெண் குரலை உயர்த்திவிட்டாள் என்பது புரிந்தது. அவர் முகம் அவமானத்தில் கறுத்தது. மாளவிகா அவர் பக்கம் திரும்பி, "இவள் சொல்வது உண்மையா?" என்று கேட்டாள். கெஸியா அதைத் தமிழில் சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை.

"புள்ள படபடப்புல என்னமோ சொல்லீருச்சுங்க அம்மிணி. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க மொதல்ல டீயக் குடிங்க."

"என்ன சொல்கிறார்?"

கொர்னேலியஸுக்குத் தமிழ் தெரியும். பொய் சொன்னால் பிடிபடும். ஆனால் அந்த வினாடியில் அவர் கைக்குட்டையைத் தேடி எடுத்து மாளவிகாவின் சட்டைக் கறைமேல் குனிந்திருந்தார், பெரியவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஜன்மத்தில் மாணவர்களிடம்கூடப் பொய் சொல்லாத கெஸியா, தண்ணீருக்குள் முங்குகிறவள் கையில் கிடைத்ததைப் பிடிப்பதுபோலச் சொன்னாள்: "உண்மைதான் என்கிறார். இந்த வீடுகளை மட்டும் இடிக்க வேண்டாம், அது போதும் என்கிறார்."

மாளவிகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "பாழடைந்த கொட்டகைகள், இருப்பதே ஆபத்து என்றல்லவா எனக்கு எழுதியிருந்தார்கள்?" என்று கொர்னேலியஸைப் பார்த்தாள். அவர் ஷூவைப் பார்த்தார். "இவ்வளவு அழகாக இருக்கிறதே. இடிக்க விடமாட்டேன். ஒரு கல்லைத் தொடக்கூடாது என்று எழுதி வாங்குகிறேன். அவருக்குச் சொல்லுங்கள், என் அப்பாமேல் சத்தியம்."

கெஸியா திரும்பி நின்று, "இடிக்க மாட்டாங்களாமா... எழுதி வாங்கித் தாராங்களாமா" என்றாள். பாப்பம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். யாரோ கை தட்டினார்கள், யாரோ கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி மட்டும் நிமிர்ந்து நின்று, மூக்கு விடைக்க, "நாஞ் சொன்னன்ல? அந்த ரத்தம்" என்றார். அவர் இப்போது கெஸியாவை மன்னித்துவிட்டார் போலிருந்தது. மாளவிகா மிச்ச டீயை ஒரே மூச்சில் குடித்தாள். அதற்கும் கை தட்டினார்கள்.

"ஒரு வீட்டை உள்ளே பார்க்கலாமா?"

கெஸியா தன் வீட்டுக்கே அழைத்துப் போனாள். கொர்னேலியஸ் வாசலிலேயே நின்று போனில் யாரையோ கூப்பிட்டார். உள்ளே ஜெஸிந்தாவைத் தலையணை அண்டக்கொடுத்து உட்கார வைத்து, கிறிஸ்துமஸ் சேலையைச் சுற்றியிருந்தார்கள். வெளியே கேட்ட சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஏழு மாதமாகப் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. மாளவிகா அவள் கையைப் பிடித்து வணக்கம் சொன்னாள். பிறகு அறையின் நடுவில் நின்று, மேலே உத்திரத்தைப் பார்த்தாள், கல் சுவரைத் தட்டிப் பார்த்தாள். காலால் நாலெட்டு இந்தப் பக்கம், ஐந்தெட்டு அந்தப் பக்கம் அளந்தாள்.

"பார்க்கிங்குக்காக இதைப் போய் இடிக்கப் பார்த்தார்களே" என்றாள். "ஹோட்டலில் தங்க வருகிறவர்கள் கோட்டைக்குள்ளே இருப்பதைவிட இங்கே இருக்கத்தான் ஆசைப்படுவார்கள். ஒரு பெரிய கட்டில், ஒரு கணப்பு அடுப்பு. போதும். கம்பெனியிடம் நானே பேசுகிறேன்."

கெஸியா அம்மாவின் கட்டிலைப் பார்த்தாள். "மேடம், அப்புறம் இங்கே இருக்கிறவர்கள்?"

"அவர்களுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்தாகிவிட்டது என்று கொர்னேலியஸ் போன மாதமே எழுதினாரே."

"இல்லை மேடம். அப்படி ஒரு இடம் கிடையாது."

மாளவிகா அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கொர்னேலியஸ் சொன்னது ஞாபகத்துக்கு வந்தவள்போல, நோயாளி அம்மாவை வைத்துக்கொண்டு தவிக்கும் பெண்ணைப் பார்க்கும் பரிவுதான் இருந்தது. "பெரியவரிடம் நான் இரண்டு தடவை கேட்டேன், கெஸியா. ஒரு குறையும் இல்லை என்றார். வீடுகளை மட்டும் இடிக்காமல் இருந்தால் போதும் என்றார். நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கெஸியா வாயைத் திறந்தாள். நான் பொய் சொன்னேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் பெரியவர் உண்மையில் சொன்னது என்ன என்று அடுத்த கேள்வி வரும். மனசில் வெச்சுக்காதீங்க என்றார் என்று சொல்ல வேண்டும். அதன்பின் அவள் சொல் எதுவும் எடுபடாது. வெளியே யாரோ லட்டு கொண்டுவந்து பங்கு போடுகிற சத்தம் கேட்டது. சின்னம்மிணிக்கு முதலில் எடுத்து வை என்று வெள்ளியங்கிரி அதட்டிக்கொண்டிருந்தார்.

மாளவிகா பின்பக்க ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். தண்ணீரின் வெளிச்சம் அறைக்குள் வந்தது.

"விடிகாலை வெயில் இந்தப் பக்கமாக வருமா? அம்மாவிடம் கேட்டுச் சொல்லுங்களேன்."

"என்ன கண்ணு கேக்கறாங்க?" என்றாள் ஜெஸிந்தா, ஆவலாக.

கெஸியா சொன்னாள்.

ஜெஸிந்தா சேலைக்குள்ளிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்தாள். ஏழு மாதமாகப் படுத்தபடியே பார்த்துப் பார்த்து அவளுக்கு அது மனப்பாடம். விருந்தாளிக்குப் புரியட்டும் என்று நிதானமாக, வெயில் முதலில் ஜன்னலின் எந்த மூலையில் தொடும், பிறகு சுவரில் எதுவரை இறங்கும், அங்கிருந்து எப்படிக் கட்டில்காலில் ஏறி, தன் பாதத்துக்கு வந்து, போர்வைமேல் மெதுவாக ஊர்ந்து, நெஞ்சுக்கு வரும் என்று விரலால் வரைந்து காட்டிக்கொண்டே வந்தாள்.